தாகம் எடுக்கிற வரை காத்திருக்காதீங்க! மோட்டார் சைக்கிளில் போகிறவர்களை ஏமாற்றும் வெயில் காற்று

சிறுசேரி,

சிறுசேரி சிப்காட் வாசலில் மதியம் 1 மணிக்கு நின்று பாருங்கள். வெயில் மண்டையை பிளக்கும். தார் ரோட்டில் கானல் நீர் ஓடும். அந்த நேரத்திலும் மோட்டார் சைக்கிள்களின் வரிசை மட்டும் குறையாது.

முதுகில் பெரிய பையோடு சாப்பாடு கொண்டு போகும் டெலிவரி வாலிபர்கள், ஷிப்டு முடிந்து ஊர் திரும்பும் செக்யூரிட்டிகள், சைட்டுக்கு போகும் எலக்ட்ரீசியன், கொத்தனார்கள், லீவு போட்டுவிட்டு கிழக்கு கடற்கரை சாலை வழியாக புதுச்சேரிக்கு கிளம்பும் ஐ.டி. ஊழியர்கள் என எல்லோருக்கும் இதே ரோடுதான்.

'இந்த வெயிலில் எப்படி போறீங்க?' என்று கேட்டால் இவர்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். 'வண்டி ஓடும்போது காத்து அடிக்குதே, வெயிலே தெரியாது' என்பார்கள்.

அந்த 'தெரியாது' என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. அது ஏன், எப்படி தப்பிப்பது என்பதை பார்ப்போம்.

காற்று செய்யும் மோசடி

நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். வெயிலில் இது ஏறாமல் பார்த்துக் கொள்வது வேர்வை. தோல் மேல் வரும் வேர்வை ஆவியாக மாறும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். மண்பானை தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்குதான்.

நடந்து போகிறவருக்கு வேர்வை வழியும். சட்டை நனையும். 'அப்பாடா' என்று துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்பார்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு அப்படி இல்லை. வேர்வை வந்த வேகத்தில் காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சட்டை காய்ந்தே இருக்கும். எனவே 'நமக்கு வேர்க்கவே இல்லை' என்று நினைத்துக் கொள்கிறார். உண்மையில் லிட்டர் கணக்கில் தண்ணீர் போய்க்கொண்டு இருக்கும்.

சந்தேகம் இருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு போய் கருப்பு சட்டையை கழற்றி பாருங்கள். முதுகிலும் அக்குளிலும் வெள்ளை கோடு விழுந்திருக்கும். அது உப்பு. கேளம்பாக்கம் உப்பளத்தில் வெயிலும் காற்றும் தண்ணீரை குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுப் போகிறதே, அதே வேலைதான் உங்கள் சட்டையிலும் நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிட குறைவாக இருந்தால் காற்று பட பட உடம்பு குளிரும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அந்த காற்று குளிர்விக்காது. அடுப்பு வாய் திறந்தது போல உடம்புக்குள் சூட்டை ஏற்றும். வண்டியை வேகமாக விரட்டினால் சூடும் வேகமாக ஏறும்.

ஒரே ஏரியா, 2 விதமான வெயில்

செங்கல்பட்டு மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 2 விதமான வெயிலும் பழக்கம்.

திருப்போரூரில் இருந்து செங்கல்பட்டு பக்கம் உள்ளே போகப் போக காய்ந்த வெயில். வேர்வை தெரியாது, உதடு வெடிக்கும், கண் எரியும்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் போனால் பிசுபிசு வெயில். கடல் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை லேசில் ஆவியாகாது. சொட்டு சொட்டாக கீழே வழிந்து வீணாகும். தண்ணீரும் போச்சு, உடம்பும் குளிரவில்லை என்ற கதைதான். சிக்னலிலும், மெட்ரோ ரெயில் பணிக்காக ரோடு குறுகிப்போன இடங்களிலும் காற்றும் நின்றுவிடும். கீழே என்ஜின் சூடு, பக்கத்தில் பஸ் புகை என்று வேகவைத்துவிடும்.

இதனால்தான் வானிலை ஆய்வு மையமே கடலோரத்துக்கு தனி அளவு வைத்திருக்கிறது. சமவெளி பகுதியில் வெயில் குறைந்தது 40 டிகிரியை தொட்டால்தான் வெப்ப அலை பற்றி பேசுவார்கள். கடலோரத்தில் 37 டிகிரியும், அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகம் என்பதும் சேர்ந்தால் போதும், வெப்ப அலை என்று அறிவிக்கலாம்.

கடல் காற்று சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் வெயில் அடங்கும். மேற்கு காற்று பலமாக இருந்து கடல் காற்று தாமதமானால் அன்று வெப்பநிலை எகிறிவிடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி 45 டிகிரி பதிவானதை பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. எனவே 'கடல் பக்கத்திலேதானே போறோம்' என்று அசட்டையாக இருக்கக்கூடாது.

தாகம் லேட்டாகத்தான் வரும்

'தாகம் எடுத்தா குடிச்சுக்கலாம்' என்பது நாம் செய்யும் பெரிய தப்பு.

உடம்பு எடையில் 1 முதல் 2 சதவீதம் தண்ணீர் குறைந்த பிறகுதான் தாகம் நன்றாக தெரியும். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 600 மில்லி முதல் 1,200 மில்லி வரை. அதாவது தாகம் தெரிகிறபோதே ஒரு பாட்டில் தண்ணீர் காலி.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும். இதயம் வேகமாக துடிக்கும். தலை வலிக்கும். கவனம் சிதறும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சாதாரண அசதி. ஆனால் பக்கத்தில் கன்டெய்னர் லாரி வரும்போது 2 சக்கரத்தில் போகிறவருக்கு இது உயிர் பிரச்சினை.

இங்கிலாந்தில் உள்ள லப்பரோ பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதை சோதித்து பார்த்தார்கள். கார் ஓட்டுவது போன்ற எந்திரத்தில் ஆண்களை 2 மணி நேரம் உட்கார வைத்தனர். ஒரு நாள் மணிக்கு 200 மில்லி தண்ணீர் கொடுத்தனர். இன்னொரு நாள் வெறும் 25 மில்லி மட்டும் கொடுத்தனர்.

நன்றாக தண்ணீர் குடித்த நாளில் அவர்கள் செய்த தவறுகள் 47. தண்ணீர் குறைந்த நாளில் 101. பாதை மாறுவது, பிரேக்கை தாமதமாக போடுவது போன்ற தவறுகள் 2 மடங்குக்கு மேல் அதிகம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு இது ஏறக்குறைய சமம் என்று அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தனர். சிலரை வைத்து செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கே இந்த கதி என்றால், மே மாத வெயிலில் ஓ.எம்.ஆரில் போகிறவர் கதியை யோசித்து பாருங்கள்.

'ஆர்டர் போயிடுமே...'

தெரியாமல் தண்ணீர் குடிக்காதவர்கள் ஒரு பக்கம். தெரிந்தே குடிக்காதவர்கள் இன்னொரு பக்கம்.

டெலிவரி வேலையில் ஒவ்வொரு நிமிடமும் காசு. 'நிறுத்தி தண்ணி குடிச்சா ஆர்டர் லேட்டாகும். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். எங்கே போறது?' என்ற கவலைதான் பலரையும் தொண்டை காய வைக்கிறது. பெண்களுக்கு இந்த கஷ்டம் இன்னும் அதிகம். இப்படி தினமும் அடக்கினால் சிறுநீரக கல், நீர்க்கடுப்பு, சிறுநீர் பாதை தொற்று என்று பின்னால் ஆஸ்பத்திரிக்கு கொடுக்கும் காசு, சம்பாதித்த காசைவிட அதிகமாகிவிடும்.

இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் குடிநீர், கழிவறை, டயருக்கு காற்று ஆகிய மூன்றும் இலவசமாக தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கூச்சப்படாமல் கேளுங்கள். தினமும் போகிற ரூட்டில் கழிவறை சுத்தமாக உள்ள 2 பங்குகளை மனதில் குறித்து வைத்துக்கொண்டால் தைரியமாக தண்ணீர் குடிக்கலாம்.

சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் டெலிவரி தொழிலாளர்களுக்காக கழிவறையுடன் ஏ.சி. ஓய்வறை திறந்தது. இப்படி ஒரு அறை ஒவ்வொரு பெரிய ரோட்டிலும் இருந்தால் எத்தனையோ பேருக்கு புண்ணியமாக போகும்.

எவ்வளவு குடிக்கணும்?

வண்டியை எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே 2 டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். அவசரத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மடக் மடக்கென்று குடிப்பது சரிப்படாது.

ரோட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிழலில் நிறுத்தி ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு பாட்டிலை காலி செய்வதைவிட கொஞ்சம் கொஞ்சமாக குடிப்பதே நல்லது.

கடிகாரம் பார்க்க முடியாது என்றால் ஊரை வைத்து கணக்கு போடுங்கள். சிறுசேரியில் இருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் கோவளத்தில் ஒரு முறை நிறுத்தினால் போதும். அங்கிருந்து புதுச்சேரி வரை போகிறவர்கள் மாமல்லபுரம், கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம் என்று ஒவ்வொரு ஊரிலும் 5 நிமிடம் நிறுத்தலாம். தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும்.

அதற்காக குடம் குடமாக குடிப்பதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை தாண்டக்கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறி குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய் விடும்.

குடித்தது போதுமா என்று தெரிந்துகொள்ள சுலபமான வழி சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. கடுகு எண்ணெய் போல அடர்ந்த மஞ்சளாக இருந்தாலோ, 5 மணி நேரமாக வரவே இல்லை என்றாலோ உடம்பு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நிறம் மாறி தெரியலாம்.

சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் செய்த அற்புதம்

ஒரு மணி நேர பயணத்துக்கு வெறும் தண்ணீரே போதும். நாள் முழுக்க வெயிலில் சுற்றுகிறவருக்கு வேர்வையோடு உப்பும் போகிறது. அதையும் திருப்பி கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரை கரைசல்.

1971-ல் வங்காளதேச போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து குடிக்க கொடுத்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் சாவு எண்ணிக்கை 4-க்கும் கீழே வந்தது. 2022-ல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

சர்க்கரைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். அளவு முக்கியம். சர்க்கரை அதிகமானால் பலன் குறையும், வயிற்றுப்போக்கு கூட வரலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். சர்க்கரை பல மடங்கு அதிகமுள்ள டப்பா பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு கடைகளில் விற்கப்பட்டன. ஐதராபாத்தை சேர்ந்த குழந்தைகள் நல டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் அந்த பெயரை இப்படிப்பட்ட பானங்களில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது.

எனவே மருந்து கடையில் உலக சுகாதார நிறுவன பார்முலா என்று எழுதிய பொடி பாக்கெட்டாக பார்த்து வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும்.

பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில், தலை தட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு போட்டு கரையுங்கள். உப்பு கூடக்கூடாது. ஒரு நாளுக்குள் குடித்துவிட வேண்டும்.

நம்ம ஊர் பானம் இருக்க பயம் ஏன்?

காசு செலவு செய்து டப்பா பானம் வாங்க தேவையில்லை. உப்பு போட்ட நீர்மோருக்கு ஈடு இல்லை. தண்ணீர், உப்பு, சத்து மூன்றும் அதில் உண்டு. காலையில் உப்பு போட்ட பழைய சோற்று நீராகாரமோ, கம்மங்கூழோ குடித்துவிட்டு கிளம்புகிறவர் பாதி கிணறு தாண்டியவர்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. எனவே அதோடு உப்பு கலந்த மோரோ, சாப்பாடோ சேரும்போது கணக்கு சரியாகும். கடற்கரை சாலை ஓரத்தில் விற்கும் நுங்கு, தர்பூசணியும் நல்லதுதான். ஈ மொய்க்கும் வெட்டி வைத்த பழம் வேண்டாம். கண் முன்னால் வெட்டி தரச்சொல்லி சாப்பிடுங்கள்.

டீ குடித்தால் தண்ணீர் வற்றிவிடும் என்பது பாதி கட்டுக்கதை. ஒன்றிரண்டு டீ பாதகமில்லை. ஆனால் தண்ணீருக்கு பதில் டீ என்று இருக்கக்கூடாது. மதுவோ தண்ணீரை சிறுநீராக வெளியே தள்ளிவிடும். ராத்திரி 'பார்ட்டி' முடித்துவிட்டு மறுநாள் வெயிலில் புதுச்சேரியில் இருந்து திரும்புகிறவர் காய்ந்த உடம்போடுதான் வண்டியில் ஏறுகிறார்.

குடித்தால் மட்டும் போதாது

* முழுக்கை பருத்தி சட்டை போடுங்கள். வெயிலும் அனல் காற்றும் நேராக தோலில் படாது. வேர்வையும் நின்று நிதானமாக ஆவியாகும்.

* வெயில் என்று சொல்லி ஹெல்மெட்டை கழற்றாதீர்கள். மயக்கம் வந்து விழுந்தால் காப்பாற்றுவது அதுதான். உள்ளே நனைத்த கைக்குட்டையை கட்டிக்கொள்ளலாம்.

* தண்ணீர் பாட்டிலுக்கு ஈரத்துணியோ, நனைத்த பழைய சாக்ஸோ மாட்டி காற்று படும்படி கட்டுங்கள். காய்ந்த வெயிலில் மண்பானை போல தண்ணீர் குளிரும்.

* பகல் 12 மணி முதல் 3 மணி வரை நீண்ட பயணத்தை தவிர்க்கலாம். விடியற்காலையில் கிளம்பினால் 9 மணிக்குள் புதுச்சேரியில் இட்லி சாப்பிடலாம்.

* ஏ.சி. அறையிலேயே வேலை பார்ப்பவர்கள் திடீரென்று நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டாதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக 1 வாரம் முதல் 2 வாரம் வரை ஆகும். பழகியவருக்கு வேர்வை அதிகம் வரும் என்பதால் அவருக்கும் தண்ணீர் அதிகம் தேவை.

இந்த அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்க

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காலில் தசை பிடிப்பு, எரிச்சலான மனநிலை, நேரான ரோட்டில் வண்டி ஆடுவது ஆகியவை முதல் எச்சரிக்கை. 'இன்னும் 5 கிலோ மீட்டர்தான்' என்று விரட்டாதீர்கள். நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டை கழற்றி, முகம், கழுத்து, கையில் தண்ணீர் ஊற்றி, உப்பு சேர்ந்த பானத்தை மெல்ல குடியுங்கள். முக்கால் மணி நேரமாவது ஓய்வு தேவை.

பின்னால் உட்கார்ந்து வருகிறவர் அடிக்கடி பேச்சு கொடுக்க வேண்டும். பதில் குழறினாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ உடனே நிறுத்த சொல்லுங்கள்.

உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்து, குழம்பி பேசி, நினைவு தப்பினால் அது வெப்ப பக்கவாதம். உயிருக்கே ஆபத்து. 108-க்கு போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை உடம்பு முழுக்க தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கி அதுவே எமனாகிவிடும்.

மெரினாவை மறக்கலாமா?

'கத்திரி போயாச்சு, இனி பயமில்லை' என்றும் நினைக்க வேண்டாம். 2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்க போனவர்களில் 5 பேர் பரிதாபமாக இறந்தனர். பலர் மயங்கி விழுந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என்று கூறப்பட்டது. அக்னி நட்சத்திரம் முடிந்து 4 மாதம் கழித்து, அதுவும் கடற்கரையிலேயே நடந்தது அது.

அதே மாதம் வெப்ப அலையை மாநில பேரிடராக தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. வெயிலால்தான் இறந்தார் என்பதற்கு மருத்துவ சான்று வேண்டும் என்பதால், ஆஸ்பத்திரி சீட்டுகளை குடும்பத்தினர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த 4 லட்சம் யாருக்கும் தேவைப்படாமல் இருப்பதுதான் நல்லது. ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு டம்ளர் மோர், 5 நிமிட நிழல். செலவு அவ்வளவுதான். பெட்ரோல் முள் சிவப்புக்கு வரும் முன்பே பங்கை தேடுகிறோம். வண்டிக்கு காட்டும் அந்த அக்கறையை உடம்புக்கும் கொஞ்சம் காட்டலாமே!